சொல்லக் கூசும் நோய்

தலைவலி வந்தால் அடுத்த வீட்டாருக்குச் சொல்லுகிறோம். வயிற்றுவலி வந்தால் ஊருக்கே சொல்லுகிறோம். காய்ச்சலென்று படுத்துவிட்டால் உறவினர்கள் தோடம்பழமும் கையுமாக வந்து நலம் விசாரிக்கிறார்கள். ஆனால், பெற்ற தாயிடத்தும் கட்டிய கணவனிடத்தும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோய்களும் இவ்வுலகில் உண்டு. அவற்றுள் மிகக் கொடியதொன்றைப் பற்றியும், அதனைச் சத்திரசிகிச்சையினால் வென்ற கதையைப் பற்றியுமே இவ்வாரம் நாம் எழுத முற்படுகிறோம். படிப்பதற்கு இது இனிய விஷயமன்று. ஆயினும், தாய்மாரும் மகளிரும் சேர்ந்து படிக்கும் பக்கத்திலே இதனை எழுதாவிட்டால் வேறெங்கே எழுதுவது?

இந்நோயை மேல்நாட்டு வைத்தியர்கள் பிஸ்டுலா என்பர். உடலின் இரு உறுப்புகளுக்கிடையே இருக்கத்தகாத ஒரு வழி உண்டாகிவிடுவதே அச்சொல்லின் பொருள். நம் நாட்டுப் பரியாரிமார் பவுத்திரம் என்று கூறும் நோயும் இவ்வினத்தைச் சேர்ந்ததுதான். நாம் இங்கு கூறப்போவது பிரசவத்தினால் உண்டாகும் பிஸ்டுலாவைப் பற்றியாகும்.

துவாரம் உண்டாவது எப்படி?

பிறக்கும் குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பு வளையத்தினூடாக இறங்கி வரவேண்டும். தாயின் இடுப்பு ஒடுங்கியிருந்தாலோ, குழந்தை குறுக்கே கிடந்தாலோ, வழி அடைபட்டுவிடுகிறது. வைத்தியசாலை அருகில் இருக்குமாயின், வைத்தியர்கள் காலந்தாழ்த்தாது வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்துவிடுவர். இல்லாவிடத்து அத்தாயின் கதி என்ன? இரண்டு நாள், மூன்று நாள், சில வேளைகளில் அதற்கு மேலும் அவள் நோவினால் துடிக்கிறாள். அவ்வளவு நேரமும் குழந்தையின் தலை அவளது மூத்திரப்பையை முன்புறத்து எலும்போடு வைத்து நெரித்தபடி இருக்கிறது. நெரிபட்ட தசைக்கு இரத்தம் செல்வதில்லை. இரத்தம் செல்லாத தசை செத்துவிடுகிறது.

குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கிறது. அத்துயரம் ஆறுமுன்னரே அடுத்த துயரம் வந்து சேருகிறது. சில நாட்கள் கழியச் செத்த தசை கழன்று விழ, மூத்திரப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையிலே துவாரமொன்று உண்டாகிவிடுகிறது. அன்று தொட்டு இரவென்றும் பகலென்றுமில்லாமல் சிறுநீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அவளால் அதனை அடக்க இயலாது. சிலருக்கு மலக்குடலிலும் துவாரம் விழுந்துவிடுவதுண்டு. காலுக்குச் செல்லும் நரம்புகள் நசுங்கியதனால், பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் கோலூன்றி நடப்போரும் உளர்.

உடல் நோயோடு இது நின்றுவிடுவதில்லை. உடுத்த துணி எந்நேரமும் நனைந்திருக்கிறது. தொடையிலே தோல் வெந்து புண்ணாகிறது. எவ்வளவு குளித்தாலும் நாற்றம் போவதில்லை. நாற்றத்துக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறாள். சிறுநீர் செறிந்து புண் மேலும் எரிகிறது. கணவன் விலகுகிறான். அயலார் முகஞ்சுளிக்கின்றனர். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை அவளே நிறுத்திவிடுகிறாள். இவள் செய்த குற்றம் யாது? தாயாக விரும்பியது ஒன்றேயன்றோ?

நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்

இந்நோய் புதியதன்று. பண்டைய எகிப்தை ஆண்ட இரண்டாம் மெந்துஹோத்தெப் மன்னனின் அரண்மனைப் பெண்களுள் ஒருத்தி ஹென்ஹெனித் என்பவள். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் பாடஞ்செய்து வைக்கப்பட்ட அவளது உடலைக் கெய்ரோவில் உடற்கூற்றுப் பேராசிரியராயிருந்த டெரி என்பவர் ஆராய்ந்தார். 1935ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு யாதெனில், அப்பெண்ணின் மூத்திரப்பைக்கும் பிறப்புவழிக்கும் இடையே பெரியதொரு துவாரம் இருந்தது என்பதாகும். அவளது இடுப்பெலும்பும் ஒடுங்கியதாகவே காணப்பட்டது. மன்னனின் செல்வமும் மாளிகையும் அவளைக் காப்பாற்றவில்லை.

1037ஆம் ஆண்டில் காலஞ்சென்ற பாரசீகப் பேரறிஞர் இப்னு சீனா, மிக இளவயதில் கருவுறும் பெண்களுக்கு இத்தகைய கேடு நேரக்கூடுமென்றும், ஒருமுறை நேர்ந்துவிட்டால் அது சாகும்வரை தீராதென்றும் எழுதி வைத்தார். 1663இல் அம்ஸ்டர்டாம் நகரத்து வைத்தியர் ரூன்ஹுய்ஸ என்பவர் துவாரத்தின் ஓரங்களைச் சீவி, அவற்றை ஒன்றுசேர்த்து மூடலாமென்று வழி கூறினார். கூறுவது எளிது, செய்வதோ அரிது என்பதையே அடுத்த இரு நூற்றாண்டுகளும் காட்டின. இடமோ ஒடுங்கியது, வெளிச்சமோ புகாதது, தைத்த இடத்தையோ சிறுநீர் ஓயாமல் நனைத்துக்கொண்டிருப்பது. பட்டு நூலால் தைத்தால் சீழ்பிடித்து, மூடிய துவாரம் மீண்டும் திறந்துகொண்டது.

மூன்று அடிமைப் பெண்கள்

இனி நாம் கூறப்போவதை மனக்கசப்பின்றிக் கூறுதல் இயலாது. அமெரிக்காவின் அலபாமா மாகாணத்திலே மொன்ட்கோமரி என்னும் நகரில் மரியன் சிம்ஸ் என்ற வைத்தியர் இருந்தார். 1845ஆம் ஆண்டில் அனார்க்கா என்ற கறுப்பினப் பெண் ஒருத்தியின் பிரசவத்துக்கு அவரை அழைத்தனர். பதினேழு வயது மதிக்கத்தக்க அவள் மூன்று நாட்களாக நோவுபட்டுக் கிடந்தாள். பிரசவம் முடிந்து சில நாட்களில் அவளுக்குப் பிஸ்டுலா உண்டாயிற்று. அவள் ஓர் அடிமை. அவளைப் போலவே லூசி, பெற்சி என்னும் வேறிரு அடிமைப் பெண்களும் இந்நோயினால் வருந்தினர்.

சிம்ஸ் தமது வீட்டு வளவிலே சிறியதொரு வைத்தியசாலையை அமைத்து, இம்மூவரையும் வேறு சிலரையும் அங்கு வைத்து நான்கு ஆண்டுகள் சத்திரசிகிச்சை செய்து பார்த்தார். வளைத்த கரண்டி ஒன்றின் உதவியால் உள்ளே வெளிச்சம் புகச் செய்யும் கருவியைக் கண்டுபிடித்தார். தட்டான் ஒருவனைக் கொண்டு மெல்லிய வெள்ளிக் கம்பி செய்வித்து, பட்டு நூலுக்குப் பதிலாக அதனால் தைத்தார். 1849இல் வெள்ளிக் கம்பியால் தைத்த அனார்க்காவின் துவாரம் மூடிக்கொண்டது. அது அவளுக்குச் செய்யப்பட்ட ஏறக்குறைய முப்பதாவது சத்திரசிகிச்சை!

அம்முப்பது முறையும் அவளுக்கு மயக்க மருந்து கொடுக்கப்படவில்லை என்பதை நேயர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஈதர் என்னும் மயக்க மருந்தின் பயன் 1846இலேயே பொஸ்டன் நகரில் யாவரும் காணக் காட்டப்பட்டுவிட்டது. அதன் பின்னரும் சிம்ஸ் அதனை அப்பெண்களுக்குப் பயன்படுத்தவில்லை. அவர்களது சம்மதத்தையும் எவரும் பொருட்படுத்தவில்லை. எசமானர்களின் சம்மதமே போதுமானதாயிற்று. உதவிக்கு நின்ற வெள்ளை வைத்தியர்கள் சலிப்புற்று விலகியபோது, அப்பெண்களே ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டனர்; கருவி எடுத்துக் கொடுத்தனர்; தாதியராக நின்றனர்.

1852இல் சிம்ஸ் தமது முறையை வெளியிட்டுப் பெரும் புகழடைந்தார். 1855இல் நியூயோர்க் நகரில் பெண்கள் வைத்தியசாலை ஒன்றை நிறுவினார். அவருக்குச் சிலையும் எழுந்தது. ஆனால் காலம் கணக்குப் பார்க்கத் தவறுவதில்லை. 2018ஆம் ஆண்டில் நியூயோர்க் மத்திய பூங்காவிலிருந்து அச்சிலை அகற்றப்பட்டது. 2021இல் அதே மொன்ட்கோமரி நகரில் அனார்க்கா, லூசி, பெற்சி என்னும் மூவருக்கும் நினைவுச் சின்னம் எழுந்தது. இன்று இச்சிகிச்சையால் நலம்பெறும் ஒவ்வொரு பெண்ணும் அம்மூவருக்கும் கடன்பட்டவள். அக்கடனை நாம் பெயர் சொல்லியாவது நினைத்தல் வேண்டும்.

அடிஸ் அபாபாவில் ஓர் ஆலயம்

மேல்நாடுகளில் பிரசவ வசதிகள் பெருகவே, அங்கு இந்நோய் அருகிப்போயிற்று. மருத்துவமாதும் வைத்தியசாலையும் எட்டாத ஏழை நாடுகளிலோ அது நிலைத்து நின்றது. 1959ஆம் ஆண்டில் எதியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவுக்கு ஒரு வைத்தியத் தம்பதியினர் வந்து சேர்ந்தனர். மனைவி கதரின் ஹம்லின் அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகரிற் பிறந்தவர். கணவர் ரெஜினால்ட் ஹம்லின் நியூசிலாந்துக்காரர். மருத்துவமாதர்களைப் பயிற்றுவிக்க மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அவர்கள்.

வந்த இடத்தில், நனைந்த கந்தலோடு வைத்தியசாலை வாயிலில் ஒதுங்கி நிற்கும் இளம் பெண்களை அவர்கள் கண்டனர். பல நாள் நடந்தும், பிச்சையெடுத்துப் பணஞ் சேர்த்தும் வந்தவர்கள் அப்பெண்கள். இந்நோய்க்குச் சிகிச்சை செய்து ஹம்லின் தம்பதியினருக்குப் பழக்கமில்லை. நூல்களைத் தேடிப் படித்தனர். கெய்ரோ நகரில் இத்துறையில் வல்லுநராய் விளங்கிய நகீப் மஹ்பூஸ் பாஷாவின் அனுபவத்திலிருந்தும் கற்றனர். (நோபெல் பரிசு பெற்ற எகிப்திய நாவலாசிரியருக்கும் அதே பெயர்தான். கடினமான பிரசவத்திலே தம்மை உயிரோடு உலகுக்குக் கொண்டுவந்த வைத்தியரின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர்!)

மூன்றாண்டுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. 1975இல் இந்நோய்க்கென்றே தனி வைத்தியசாலையைத் திறந்தனர். அங்கு சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை. ரெஜினால்ட் 1993இல் காலமானார். கதரின் அம்மையார் தொண்ணூறு வயதைக் கடந்த பின்னரும் பணியைக் கைவிடாது, 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தமது 96ஆம் வயதில் அதே நகரில் கண்மூடினார். அவர்கள் தொடங்கிய பணியினால் 60,000க்கும் மேற்பட்ட பெண்கள் சிகிச்சை பெற்றுள்ளனர்.

சிகிச்சை நடைபெறும் விதம்

வந்தவுடன் கத்தியை எடுத்துவிடுவதில்லை. முதலில் நோயாளிக்கு நல்லுணவு கொடுத்து உடலைத் தேற்றுகின்றனர். புண்ணை ஆற்றுகின்றனர். மடங்கிப்போன கால்களுக்குப் பயிற்சி கொடுக்கின்றனர். பின்பு நீலச் சாயம் கலந்த நீரை மூத்திரப்பையினுள் செலுத்தி, அது எங்கிருந்து கசிகிறதெனப் பார்த்துத் துவாரத்தின் இடத்தையும் அளவையும் அறிகின்றனர்.

சத்திரசிகிச்சை பெரும்பாலும் பிறப்புவழியாகவே செய்யப்படுகிறது. வயிற்றைக் கீற வேண்டியதில்லை. முதுகந்தண்டில் ஊசி ஏற்றி இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்வர். துவாரத்தைச் சுற்றி மூத்திரப்பையின் சுவரையும் பிறப்புவழியின் சுவரையும் வெவ்வேறாகப் பிரித்தெடுப்பதே முதல் வேலை. சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்களின் வாய் எங்கிருக்கிறதென்று கண்டு, அவற்றுக்கு ஊறு நேராது காக்க வேண்டும். பின்னர் மூத்திரப்பையின் துவாரத்தை இழுவிசையின்றித் தைத்து மூடுவர். கிழிந்த சேலையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் பக்கத்திலே கிழியும் என்பது நம் பெண்களுக்குத் தெரியாததன்று. அதே நியாயந்தான் இங்கும். மீண்டும் நீலச் சாயம் செலுத்திக் கசிவில்லை என்று கண்டபின், பிறப்புவழியின் சுவரையும் மூடுவர். இரத்தவோட்டம் குறைந்த இடமாயின், பக்கத்திலுள்ள கொழுப்புத் தசையை வேரோடு திருப்பி இடையில் வைத்துத் தைப்பதும் உண்டு.

அதன்பின் ஒரு மெல்லிய குழாயை மூத்திரப்பையில் வைத்து, ஒன்று முதல் இரண்டு வாரம் வரை சிறுநீர் அதன் வழியே வடியச் செய்வர். அக்குழாய் அடைபட்டால் மூத்திரப்பை நிறைந்து தையல் விட்டுப்போகும். ஆகவே வைத்தியரின் கைத்திறனுக்கு நிகராகத் தாதியின் விழிப்பும் இங்கு வேண்டப்படுகிறது. தண்ணீருக்கு அஞ்சியிருந்த பெண்ணை இப்போது நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுகின்றனர். குழாய் எடுக்கப்படும் நாளில் படுக்கை நனையாதிருக்குமாயின், அவள் வென்றுவிட்டாள்!

கைதேர்ந்த வைத்தியரிடத்திலே பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேரின் துவாரம் மூடிக்கொள்கிறது. முதல்முறை செய்யும் சிகிச்சையே பெரிதும் பலிக்கும். பழகாத கை தொட்டுக் கெடுத்தபின் வேலை கடினமாகிவிடும். குணமடைந்தவள் மீண்டும் கருவுற்றால், வைத்தியசாலையிலே வயிற்றைக் கீறித்தான் குழந்தையை எடுக்கவேண்டும்.

துவாரம் மூடிய பின்னரும் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் சிந்தும் குறை சிலருக்கு எஞ்சிவிடுகிறது. மூத்திரப்பையே முற்றாக அழிந்து, சிறுநீரைக் குடல் வழியாகவோ வயிற்றில் மாட்டிய பையிலோ போக்க வேண்டியவர்களும் உளர். அத்தகையோருக்கென அடிஸ் அபாபாவின் புறத்தே ‘டெஸ்டா மெண்டர்’ என்ற குடியிருப்பு அமைக்கப்பட்டது. அம்ஹாரிக் மொழியில் அதற்கு மகிழ்ச்சிக் கிராமம் என்பது பொருள்.

நோயாளியாக வந்தவள் வைத்தியரானாள்

1962ஆம் ஆண்டில் மாமிட்டு காஷே என்னும் பதினாறு வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி ஹம்லின் தம்பதியினரிடம் கொண்டுவரப்பட்டாள். தொலைவான மலைக் கிராமத்திலே நான்கு நாட்கள் நோவுபட்டு, குழந்தையையும் இழந்து வந்தவள் அவள். எழுதப் படிக்கத் தெரியாது. பல முறை சத்திரசிகிச்சை செய்தும் அவளது குறை எளிதில் தீரவில்லை. ஊருக்குத் திரும்பாமல், வைத்தியசாலையில் படுக்கை விரிப்பதிலும் நோயாளிகளைத் தேற்றுவதிலும் அவள் தன் நாட்களைச் செலவிட்டாள்.

பின்பு சத்திரசிகிச்சை அறையிலே கருவி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். அவளது கையின் நிதானத்தைக் கண்ட வைத்தியர், சிறிது சிறிதாகத் தைக்கக் கற்றுக் கொடுத்தார். கல்லூரி வாசலை மிதியாத அப்பெண் ஈற்றில் பிஸ்டுலாச் சத்திரசிகிச்சையில் தேர்ந்தவராகி, வெளிநாடுகளிலிருந்து வந்த பட்டதாரி வைத்தியர்களுக்கே அதனைக் கற்பிக்கலானார். 1989இல் இலண்டன் இராச சத்திரவைத்தியர் கல்லூரியின் தங்கப் பதக்கம் ஹம்லின் தம்பதியினரோடு அவருக்கும் வழங்கப்பட்டது. அனார்க்காவும் தன்னையொத்த பெண்களுக்குத் தாதியாக நின்றவளே; ஆனால் அவளுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்பாவது, படுக்கையில் கிடந்தவளின் கையிலே ஊசி கொடுக்கப்பட்டதே என்று நாம் ஆறுதலடைகிறோம்.

நம் வீட்டுத் தாய்மார்

ஆண்டுதோறும் 50,000 முதல் 1,00,000 வரையான பெண்கள் பிரசவப் பிஸ்டுலாவுக்கு ஆளாவதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. ஆபிரிக்காவிலும் ஆசியாவிலுமே இது மிகுதி. 2013ஆம் ஆண்டு தொட்டு மே 23ஆம் திகதி இந்நோயை ஒழிப்பதற்கான சர்வதேச தினமாக அனுட்டிக்கப்படுகிறது. தைத்து மூடுவதிலும் வராமற் காப்பதே மேல் என்பதை ஹம்லின் அம்மையாரும் உணர்ந்து, 2007இல் மருத்துவமாதர்களைப் பயிற்றும் கல்லூரியொன்றைத் தொடங்கினார்.

அவ்வுண்மைக்கு நம் இலங்கையே சான்று. கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879இலேயே திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் ஆரம்பமான சுகாதாரப் பகுதி முறை நாடெங்கும் பரவி, மருத்துவமாதை ஒவ்வொரு கிராமத்துக்கும் கொண்டுசென்றது. இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையிலேயே நடைபெறுகின்றன. நீண்ட பிரசவத்தால் வரும் பிஸ்டுலா நம் நாட்டில் அரிதாகிவிட்டமைக்கு, வெயிலிலும் மழையிலும் வீடுவீடாய் வந்து கர்ப்பிணிகளின் பெயரைப் பதிந்துகொண்ட அம்மாதரும் முக்கிய காரணமாவர்.

அப்படியாயின் நமக்கு இக்கதை எதற்கு? நோய் அரிதாயினும் நாணம் அரிதாகிவிடவில்லை. கர்ப்பப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையின் பின்போ, புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற பின்போ இத்தகைய துவாரம் எங்கும் எவருக்கும் நேரலாம். அவ்வாறு ஓயாக் கசிவைக் கண்டவர் அன்றே வைத்தியரிடம் கூறவேண்டும். தொடக்கத்திலேயே கண்டால், சிறிய துவாரமாயின் குழாய் வைத்துச் சிறுநீரை வடியவிடுவதனாலேயே ஆறிவிடுவதும் உண்டு.

இதனினும் பொதுவான குறைகள் வேறும் உள. நாலைந்து பிள்ளைகளைப் பெற்ற தாய்மாருள், சிரித்தாலும் தும்மினாலும் சேலை நனைந்துவிடுமென்று அஞ்சி வாழ்வோர் எத்தனை பேர்! கர்ப்பப்பை கீழிறங்கியதைத் தலைவிதியென்றெண்ணி, துணியை மடித்து வைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்போர் எத்தனை பேர்! தூரப் பயணத்துக்கு அழைத்தால் எனக்குக் கால் உளைவு என்று அம்மா மறுப்பதும், பேரப்பிள்ளையின் கலியாணத்திலே ஆச்சி கடைசி வரிசையில் கதவோரம் அமர்வதும் சில வேளைகளில் இதனாலாயிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் இன்று பரிகாரம் உண்டு. சிலருக்கு இடுப்புத் தசைப் பயிற்சியே போதும். சிலருக்கு உள்ளே வைக்கும் வளையம் உதவும். மற்றையோருக்குச் சத்திரசிகிச்சை உண்டு. நம் அரசாங்க வைத்தியசாலைகளில் இவற்றுக்குப் பணம் வாங்குவதில்லை.

மகள்மாருக்கு நாம் கூறுவது ஒன்றே. தாய் தானாகச் சொல்லமாட்டாள், நீங்களே கேளுங்கள். கேட்பதிலே வெட்கமில்லை. கேட்டபின் அவளைக் கைப்பிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆண்மக்களும் இப்பக்கத்தைப் படித்துவிட்டு ஒன்றும் அறியாதவர் போல் மடித்து வைத்துவிட வேண்டாம்.

அடிஸ் அபாபா வைத்தியசாலையிலே ஒரு வழக்கம் உண்டு. குணமடைந்து வீடு திரும்பும் பெண்ணுக்குப் புதிய உடையொன்று கொடுத்தனுப்புகின்றனர். பல ஆண்டுகளாக நனைந்த கந்தலையே உடுத்தவள், நனையாத புத்தாடையோடு தன் ஊர் வழியே நடந்து செல்லுகிறாள். நம் வீட்டுத் தாய்மாருக்கு ஆண்டுதோறும் புதுச்சேலை வாங்கிக் கொடுக்கிறோம். அதை அவர்கள் அச்சமின்றி உடுத்து, நாலுபேர் நடுவே அமரக்கூடியதாயிருக்கிறதா என்பதையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமாக.